கனிம மணலும் முழங்கால் வலியும்: எதோடு ஒப்பிட்டார்கள்?

வாசகர் கடிதம்: என் அம்மாவுக்கு வயது 63. பெரம்பூரில், லிப்ட் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் வலது காலில் மூன்றாம் நிலை என்றார். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு சிகிச்சை மையத்தில் 'இயற்கைக் கனிம மணல் சிகிச்சை' என்று 21 நாள் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். தென்கோடிக் கடற்கரையிலிருந்து வந்த கருமணலைச் சூடாக்கி முழங்காலைச் சுற்றிப் பொதிந்து வைக்கிறார்கள். மணலில் உள்ள கனிமங்கள் தோல் வழியாக மூட்டுக்குள் இறங்கிக் குருத்தெலும்பை வளர்க்கும் என்கிறார்கள். இது ஆராய்ச்சித் திட்டம் என்பதால் 18,000 ரூபாய்க்குப் பதில் 14,000 ரூபாய் கட்டினால் போதுமாம். கீழ்வீட்டு மாமி பத்தே நாளில் படி ஏறுகிறார். 'ஆபரேஷனுக்கு முன்னால் இதையும் ஒருமுறை பார்த்துவிடலாமே' என்கிறார் அம்மா. சேர்க்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 14,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டாம். சூடான மணலால் வலி குறையாது என்பதற்காக நான் இப்படிச் சொல்லவில்லை. ஓரளவு குறையக்கூடும் என்றே கருதுகிறேன். ஆனால் அந்த மையத்தார் சொல்லும் காரணத்தால் அது குறைவதில்லை. அவர்கள் ஆராய்ச்சி என்று அழைப்பதும், நீங்கள் எழுதியிருக்கும் அளவில், ஆராய்ச்சியாகத் தெரியவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால், இந்த மணல் மட்டுமல்ல, நாளை வேறொருவர் வேறொரு கட்டோ எண்ணெயோ கொண்டுவந்தாலும் நீங்களே எடைபோட முடியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மணலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். சூடான மணலை மருந்தாகக் கொள்வது நேற்று வந்த வழக்கம் அன்று. சித்த மருத்துவம் வகுத்த 32 புற மருத்துவ முறைகளில் ஒற்றடமும் ஒன்று. ஆயுர்வேதத்தில் மணலைத் துணியில் கட்டி ஒற்றி எடுப்பதற்கு வாலுகா ஸ்வேதம் என்று பெயர். ஜப்பானின் இபுசுகி கடற்கரையில், நிலத்தடி வெந்நீர் ஊற்றால் சூடேறிய மணலில் மக்களைக் கழுத்து வரை புதைத்துச் சுமார் 10 நிமிடம் படுக்கவைக்கிறார்கள். எகிப்தின் சிவா பாலைவனச் சோலையிலும், சீனாவின் துர்பான் பகுதியிலும் கோடை வெயிலில் காய்ந்த மணலில் மூட்டுவலிக்காரர்கள் புதைந்து கிடப்பது வழக்கம். நம் வீடுகளில் பாட்டிமார் தவிடு, கல்லுப்பு, கொள்ளு, மணல் என்று கையில் கிடைத்ததை இருப்புச் சட்டியில் வறுத்துக் கிழியாகக் கட்டி ஒற்றடம் கொடுத்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இத்தனை ஊர்க்காரர்கள் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ பயன் இருக்க வேண்டும் என்று எண்ணுவது நியாயமே. ஆனால் இபுசுகி மணலும் சிவா மணலும் கனிமத்தில் ஒன்றல்ல. தவிடும் கல்லுப்பும் மணலே அல்ல. இவை அனைத்துக்கும் பொதுவாக இருப்பது சூடு ஒன்றுதான்.

மணல் சூட்டைத் தாங்கி வைத்திருக்கும் விதத்தை மெரினாவில் கடலை வறுப்பவரிடம் நின்று பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். வெறும் சட்டியில் கடலையைப் போட்டால் சட்டியைத் தொடும் பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும். மணலில் போட்டுக் கிளறினால் ஒவ்வொரு கடலையையும் சுற்றிலும் சூடு சமமாக அணைத்துக்கொள்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே சூடு நெடுநேரம் நிற்கிறது, ஏனெனில் உலர்ந்த மணல் சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும். வீங்கி மேடுபள்ளமாகிவிட்ட முழங்காலின் எல்லாப் பக்கத்திலும் படிந்து, சூட்டைச் சீராகக் கொடுத்து, மெல்ல ஆறும் ஒரு பொருளைத் தேடினால் மணல் நல்ல தேர்வுதான். சூடு பட்டதும் தோலின் ரத்த ஓட்டம் கூடுகிறது, இறுகிய தொடைத் தசையும் கெண்டைத் தசையும் தளர்கின்றன, வலியை உணரும் வாசல் சற்று உயர்கிறது. அதனால் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் காலை மடக்கி நீட்டுவது எளிதாகிறது. இதற்காகத்தான் எங்கள் இயன்முறை மருத்துவக் கூடத்திலும் ஹாட் பேக் என்ற சூட்டுப் பை, வாக்ஸ் பாத் என்ற உருக்கிய மெழுகுத் தொட்டி ஆகியவற்றை வைத்திருக்கிறோம். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் முழங்கால் தேய்மானத்துக்கு வெப்ப ஒற்றடத்தை நிபந்தனையுடன் பரிந்துரைக்கிறது. உடற்பயிற்சியையும், உடல் எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பையும் அது வலுவாகப் பரிந்துரைக்கிறது. 'நிபந்தனையுடன்', 'வலுவாக' என்ற இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கனிமம் உள்ளே இறங்கும் என்ற பேச்சுக்கு வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவராவிலும் கடற்கரை மணல் கறுத்திருப்பதற்குக் காரணம் அதிலுள்ள கனமான கனிமங்கள்: இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சிலிமனைட், கொஞ்சம் மோனசைட். இவற்றுள் எதுவும் தண்ணீரில் கரைவதில்லை. கரைந்திருந்தால் அலை அடித்து அடித்து எப்போதோ கடலோடு போயிருக்கும். இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் உங்கள் வீட்டுச் சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்டில் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கவே ஆலையில் வீரியமான அமிலம் வேண்டியிருக்கிறது. கரையாத ஒரு கல்துகள், உலர்ந்த நிலையில், துணிக்கு மேலிருந்து, உயிரற்ற செல்களை ஓடுபோல் அடுக்கி நீரையே உள்ளே விடாமல் காக்கும் மேல்தோலைக் கடந்து, அதன் கீழுள்ள கொழுப்பையும் மூட்டு உறையையும் தாண்டி, ரத்தக்குழாயே இல்லாத குருத்தெலும்புக்குள் 21 நாளில் போய்ச் சேரும் என்பது நடக்கக்கூடிய காரியம் அன்று. தோலின் மேல் வைக்கும் எந்தப் பொருளும் தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்த்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. 'குருத்தெலும்பு வளரும்' என்று ஒருவர் உறுதி கொடுத்துவிட்டால், அவர் சொல்லும் மற்றவற்றையும் நான் இரண்டு முறை சரிபார்ப்பேன்.

மோனசைட் பற்றித் தனியே ஒரு சொல். அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அந்தக் கரையோரத்தில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இத்தகைய மண்ணில் தலைமுறைகளாக வாழும் மக்களை நெடுங்காலம் கண்காணித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவரவில்லை. எனவே ஒரு மணி நேரம் அந்த மணல் மேலே பட்டதற்காக யாரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆயினும் அதைப் பிரித்து மூட்டையில் கட்டிக் காற்றோட்டமில்லாத அறையில் நாள் முழுதும் வறுத்துக்கொண்டிருந்தால், அங்கு வேலை செய்யும் பெண்களின் மூச்சுக்குள் போகும் தூசியைப் பற்றி யாராவது கேட்டாக வேண்டும். அந்தப் பகுதிக் கருமணல் என்று சொல்லி விற்பவரிடம் அதில் என்னென்ன இருக்கிறது என்ற பரிசோதனை அறிக்கையைக் கேட்பது உங்கள் உரிமை.

கீழ்வீட்டு மாமி பத்து நாளில் படி ஏறினார் என்பதை நான் நம்புகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எந்த நாளில் அந்த மையத்துக்குப் போனார் என்று கேட்டுப் பாருங்கள். தேய்மான வலி ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. கல்யாண வீட்டில் நாள் முழுதும் நின்றால் ஏறும், இரண்டு வாரம் ஓய்ந்திருந்தால் இறங்கும். பத்துக்கு மூன்று, நான்கு என்று ஓடிக்கொண்டிருக்கும் வலி எட்டுக்குப் போகும் அன்றுதான் ஒருவர் புதிய சிகிச்சையைத் தேடிப் புறப்படுகிறார். எட்டில் தொடங்கியவருக்குச் சும்மா இருந்தாலும் அது சில வாரங்களில் ஐந்துக்கு இறங்கும் வாய்ப்பு அதிகம். அந்த இறக்கம் முழுவதும், அந்த நேரத்தில் அவர் எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதன் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இதோடு, நாள்தோறும் ஒருவர் அன்பாகப் பெயர் சொல்லி அழைத்து, அரைமணி நேரம் காலைத் தொட்டுக் கவனித்து, 'இன்று எப்படி இருக்கிறது' என்று கேட்பதும் வலியைக் குறைக்கும். மூட்டுத் தேய்மானத்தில் மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களுக்குக்கூடக் கணிசமான நிவாரணம் கிடைத்திருப்பதை நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பெரும் கணக்கெடுப்பு 2008இல் காட்டியது.

அறுவை சிகிச்சைகூட இந்தப் பொறியில் சிக்கியிருக்கிறது. தேய்ந்த முழங்காலுக்குள் சிறு துளை வழியே கருவியை விட்டுக் கழுவி, சுரண்டிச் சுத்தம் செய்வது ஒரு காலத்தில் உலகெங்கும் பரவலாக நடந்தது. செய்துகொண்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டு உள்ளே எதுவும் செய்யாமல் தைத்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், உண்மையான அறுவை பெற்றவர்கள் கீறல் மட்டும் பெற்றவர்களைவிட மேலாக இல்லை. 2002இல் இந்த முடிவு வெளியானபோது நான் பயிற்சிக் காலத்தில் இருந்தேன்; அதுவரை அந்த அறுவைக்குப் பின் எங்களிடம் வந்த நோயாளிகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. 'நன்றாக இருக்கிறது' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துச் சிகிச்சையை அளக்கக் கூடாது என்று அன்று கற்றேன்.

அப்படியானால் கனிம மணலை எப்படிச் சோதிப்பது? இதை நான் ஆசையோடு எழுதுகிறேன், ஏனென்றால் உண்மையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது. ஏழை வீட்டிலும் கிடைக்கும், மருந்துக்கடைக்குப் போக வேண்டாத, வயிற்றைப் புண்ணாக்காத ஒரு வழியை அக்கறையோடு பரிசோதிப்பது நம் ஊருக்கே பயன்படும். தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் சித்த மருத்துவ ஆராய்ச்சிக்கான மத்தியக் குழுவும் இருக்கும் சென்னையில், இதைச் செம்மையாகச் செய்யத் தேவையான அறிவும் ஆட்களும் இல்லாமல் இல்லை.

மணல் ஒற்றடம் பெற்றவர்களைச் சிகிச்சையே பெறாதவர்களோடு ஒப்பிட்டால் சூடு வேலை செய்கிறது என்று மட்டுமே தெரியவரும்; கனிமம் வேலை செய்கிறதா என்பது தெரியாது. அதற்குக் கருமணல் ஒரு பையிலும் சாதாரண ஆற்று மணல் இன்னொரு பையிலும் இருக்க வேண்டும்; இரண்டும் ஒரே வெப்பநிலையில், ஒரே நேரம், ஒரே கைகளால் வைக்கப்பட வேண்டும். எந்தப் பை யாருக்கு என்பதை வந்தவரின் விருப்பமோ மருத்துவரின் ஊகமோ தீர்மானிக்காமல் குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். பையில் எது இருக்கிறது என்பது நோயாளிக்கும், வலியை அளந்து எழுதுபவருக்கும் தெரியக் கூடாது. இங்கேதான் மணல் தன் குணத்தைக் காட்டும். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. இல்மனைட்டின் அடர்த்தியோ ஏறக்குறைய 4.7 மடங்கு. ஒரே அளவுப் பையில் நிரப்பினால் கருமணல் பை கையில் எடுத்த மாத்திரத்தில் கனத்தால் காட்டிக்கொடுத்துவிடும். கனமான பை முழங்காலை அழுத்தும் அழுத்தமும் வேறு. எடையைச் சமமாக்கினாலோ கருமணல் பை மெலிந்து போகும், ஆறும் வேகமும் மாறிவிடும். ஆகவே தடித்த இரட்டைத் துணிப் பையில் தைத்து, இரண்டு பைகளும் 20 நிமிடத்தில் எப்படி ஆறுகின்றன என்பதை முன்கூட்டியே வெப்பமானி வைத்து அளந்து, ஒன்றுபோல் நடந்துகொள்ளும்வரை கலவையைச் சரிசெய்ய வேண்டும். இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாதவர் கனிமத்தைப் பற்றிப் பேச முடியாது.

மூன்றாவதாக ஒரு பிரிவும் வேண்டும்: பயிற்சி மட்டும் செய்பவர்கள். மூன்று பிரிவினரும் ஒரே பயிற்சியைச் செய்ய, எடுத்துக்கொண்ட வலி மாத்திரைகளின் எண்ணிக்கையும் குறிக்கப்பட வேண்டும். மணல் வைத்தவர் மாத்திரையையும் இரட்டிப்பாக்கியிருந்தால் வலி குறைந்ததற்கு எது காரணம் என்று யார் சொல்வது? 100 புள்ளி வலி அளவுகோலில் ஆளுக்கு ஆள் வேறுபாடு சுமார் 25 புள்ளி என்று கொண்டு, இரு பிரிவுகளுக்கிடையே 10 புள்ளி வேறுபாட்டை நம்பகமாகக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய 100 பேர் தேவைப்படுவார்கள். 15 பேரை வைத்துக்கொண்டு முடிவு சொல்வது காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். அளவீட்டையும் 21ஆம் நாளோடு நிறுத்தாமல் மூன்று மாதம் கழித்தும் எடுக்க வேண்டும், ஏனெனில் ஒற்றடத்தின் சுகம் ஒற்றடம் நின்றதும் போய்விடுகிறதா என்பதுதான் உங்கள் அம்மாவுக்கு வேண்டிய விடை.

எதை அளப்பது என்பதிலும் எனக்கொரு குறை உண்டு. உலகெங்கும் பயன்படும் வோமாக் என்ற வினாத்தாளில் 24 கேள்விகள் இருக்கின்றன: வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, அன்றாட வேலைகள் பற்றி 17. காலுறை மாட்டுவது, காரில் ஏறி இறங்குவது, குளியல் தொட்டிக்குள் இறங்குவது பற்றியெல்லாம் அதில் கேட்கிறார்கள். தரையில் சம்மணமிட்டு எழுவதும், குத்தவைத்துக் கோலம் போடுவதும், பழைய வீட்டுக் கழிவறையில் குத்தவைத்து எழுவதும் அதில் இல்லை. என்னிடம் வரும் அம்மாக்களில் பெரும்பாலோர் காரைப் பற்றியோ காலுறையைப் பற்றியோ ஒரு நாளும் முறையிட்டதில்லை. 'கோயிலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க நான் மட்டும் தூணோரம் நிற்கிறேன்' என்றுதான் கண் கலங்கியிருக்கிறார்கள். சென்னையில் செய்யும் சோதனை அதையும் அளக்க வேண்டும்.

இப்போது அந்த மையத்தின் 'ஆராய்ச்சி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்ய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டது. சிடிஆர்ஐ என்று அழைக்கப்படும் அதில், 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். அது சிடிஆர்ஐ என்று தொடங்கி, ஆண்டு, மாதம், ஓர் எண் என்று முடியும். யார் வேண்டுமானாலும் அதை இணையத்தில் கட்டணமின்றிப் பார்த்து, ஒப்பீட்டுப் பிரிவு இருக்கிறதா, எத்தனை பேர், எதை அளக்கிறார்கள் என்று படித்துக்கொள்ளலாம். ஒப்புதல் கொடுத்த நெறிமுறைக் குழு எது என்றும், அம்மா படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் உண்டா என்றும், புண்ணோ கொப்புளமோ வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வுக்கான செலவை ஆய்வில் பங்கேற்பவர் மேல் சுமத்தக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் உள்ள விதி. தள்ளுபடி விலையில் விற்கப்படும் ஆராய்ச்சி அந்த விதிக்குப் பொருந்தவில்லை. சரியான பதிவோடு, கட்டணமின்றி, நான் மேலே சொன்னதுபோன்ற ஒப்பீட்டோடு ஓர் ஆய்வு நடந்தால், அடுத்த பத்தியில் சொல்லப்போகும் ஒரு சோதனையில் அம்மா தேறினால், அவரை அதில் சேர்ப்பதற்கு நானே கடிதம் எழுதித் தருவேன்.

அந்தச் சோதனை உணர்ச்சிச் சோதனை. 12 ஆண்டுச் சர்க்கரை நோய் என்று உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்படும்போது உணர்வு முதலில் கால்விரல்களில் மங்கி, காலுறை மாட்டியதுபோல் மெல்ல மேலேறும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு அம்மையார் வந்தார். வீட்டில் மணல் கிழி ஒற்றடம் கொடுத்திருக்கிறார்கள். 'சூடே தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் வறுங்கள்' என்று அவரே கேட்டிருக்கிறார். மறுநாள் காலை புடவையை விலக்கிப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அவருக்கு அது எரியக்கூட இல்லை. அந்தப் புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் பயிற்சி நின்றதில் தொடைத் தசை கண்ணெதிரே மெலிந்துபோனது.

மணலின் ஆபத்து என்னவென்றால் அது கொதிப்பதில்லை. தண்ணீர் சூடானால் ஆவி வரும், குமிழ் வரும், எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. மணல் எத்தனை டிகிரிக்கு ஏறினாலும் பார்வைக்கு அப்படியே இருக்கும். தோலோ 49 டிகிரிச் சூட்டைப் பத்து நிமிடம்வரைகூடத் தாங்காது. 60 டிகிரியென்றால் ஐந்து நொடியில் வெந்துவிடும். எனவே அம்மாவைப் பரிசோதிக்க அருகிலுள்ள அரசு மருத்துவமனைச் சர்க்கரை நோய்ப் பிரிவில் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். முழங்காலைச் சுற்றி எட்டு இடங்களில், கண்ணை மூடவைத்து, ஒரு குழாயில் குளிர்ந்த நீரும் ஒரு குழாயில் வெதுவெதுப்பான நீரும் மாற்றி மாற்றித் தொட்டு, எது எதுவென்று சரியாகச் சொல்கிறாரா என்று இயன்முறை மருத்துவர் பார்த்துவிடுவார். ஒரு இடத்தில் தடுமாறினாலும் சூடு எந்த வடிவத்திலும் வேண்டாம்.

தேறிவிட்டால், வீட்டிலேயே ஒற்றடம் கொடுக்கலாம். சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்று மணல் அரைக் கிலோ போதும். இரட்டைக் காடாத் துணிப் பையில் மணல் சிந்தாதபடி தையுங்கள். வறுத்த மணலைப் பையில் கொட்டி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, சர்க்கரை இல்லாத வேறொருவர், நீங்களே, அதைத் தன் முன்கையின் உட்புறத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். இதமாக இருந்தால் மட்டும், நடுவில் ஒரு மடித்த துண்டு வைத்து, 15 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைத் தூக்கித் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பு சரி, திட்டுத் திட்டாகச் சிவந்தால் நிறுத்திவிடுங்கள். பையைக் காலின் கீழ் வைத்து அதன்மேல் படுக்கக் கூடாது. முழங்கால் வீங்கித் தானாகவே சுடும் நாளில் ஒற்றடமே கூடாது.

ஒற்றடம் முடிந்த கையோடு, சூடு தந்த அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பயிற்சியைச் செய்ய வேண்டும். ஒற்றடத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பே இதற்காகத்தான். 'தேய்மானம்' என்ற சொல் நம் அம்மாக்களை நிரம்பப் பயமுறுத்தி வைத்திருக்கிறது. செருப்புத் தேய்வதுபோல நடந்தால் இன்னும் தேயும் என்று எண்ணி உட்கார்ந்துவிடுகிறார்கள். குருத்தெலும்பு உயிருள்ள பொருள். ரத்தக்குழாய் இல்லாத அது, மூட்டு அழுந்தித் தளரும்போது உள்ளே ஊறும் நீரிலிருந்துதான் உணவு பெறுகிறது. நடக்காத மூட்டுக்கு அந்த உணவு வருவதில்லை.

சுவரோரம் நிறுத்திய, கையில்லாத, சற்று உயரமான நாற்காலியில் தொடங்குங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் நான்கு எண்ணி இறங்குவதுதான் முக்கியம், ஏனெனில் படி இறங்கும்போது வேலை செய்வதும் அதே தொடை முன்தசைதான். முதல் வாரம் எட்டு முறை, இரண்டு தடவை. படுத்தபடி முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதை ஐந்து எண்ணும்வரை அழுத்துவது, காலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி இறக்குவது ஆகியவற்றையும் சேர்க்கலாம். வாரத்தில் நான்கு நாள், 12 வாரம். பயிற்சியின்போது வலி பத்துக்கு ஐந்து வரை போகலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும், திரும்பாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மாடிப்படியில் ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலி மிகுந்த கால் முதலில். கைப்பிடியை விடக் கூடாது. அம்மா உடல் எடை கூடியவராக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறையும். சர்க்கரைக்கும் அதே வழி நல்லது.

அறுவை சிகிச்சை பற்றிய அச்சத்தையும் சற்றுத் தள்ளிவைக்கலாம். எக்ஸ்ரேயில் 0 முதல் 4 வரை நிலை போடும் முறை 1957இல் வந்தது. அது எலும்பின் படத்தைத்தான் சொல்கிறது, வலியைச் சொல்வதில்லை. மூன்றாம் நிலைப் படத்தோடு திருவல்லிக்கேணியில் தேருக்குப் பின்னால் நடப்பவர்களையும், இரண்டாம் நிலையோடு கட்டிலை விட்டு இறங்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் செய்துவிடுங்கள். இன்றே ஒரு நோட்டை எடுத்து, அம்மா 30 நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறார், மூன்று மாடியும் ஏற எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தப் படிக்கட்டில் முதலில் நிற்கிறார் என்று எழுதி வையுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அம்மாவே தன் கையால் எழுதட்டும். முதல் ஆறு வாரம் ஒற்றடமும் பயிற்சியும், அடுத்த ஆறு வாரம் பயிற்சி மட்டும் என்று வைத்துக்கொண்டால், அவருடைய காலுக்கு ஒற்றடம் தேவைதானா என்பதை அந்த நோட்டே ஓரளவு காட்டிவிடும். இடையில் முழங்கால் திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூட்டு மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ நோட்டுக்காகக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் போங்கள். 12ஆம் வாரம் முடிந்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அவற்றைப் பார்த்தே எழுதுகிறேன்.